புத்தகத்தை இங்கே குடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பத்தரை மணி இருக்கும். அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. எம்.பி.பி.எஸ். சேர்ந்து அவளுக்கு மூன்று மாதம் ஆகிறது. விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறாள் என்பது எதிரொலியிலேயே தெரிந்தது. “சித்தி, நாலு தடவ வாசிச்சுட்டேன். மஞ்சள், பச்சை, பிங்க்னு புத்தகம் பூரா கோடு போட்டு வச்சிருக்கேன். வீடியோவும் பாத்துட்டேன். பாக்கும்போது எல்லாம் புரியுது. மூடிட்டு யோசிச்சா ஒண்ணுமே வர மாட்டேங்குது. நாளைக்கு டெஸ்ட்” என்றாள். அழவில்லை. அழுகைக்கு முந்தின குரல் அது. எனக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் வேறொரு கல்லூரியின் வாசலில், எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்றுகொண்டு அதே குரலில் நானும் வீட்டுக்குப் பேசியிருக்கிறேன்.

மறுநாள் அக்காவிடம் பேசியபோது அவள் ஒரு வார்த்தை சொன்னாள். “மனப்பாடம் பண்ணாத, புரிஞ்சு படின்னு நானும் தலப்பாடா அடிச்சுக்கிறேன், கேட்டாத்தானே.” இது அக்கா மட்டும் சொல்வதல்ல. பள்ளி ஆண்டு விழாவில் பேச வருகிறவர் சொல்வார், பெற்றோர் கூட்டத்தில் சொல்வார்கள், தேர்வு முடிவு வரும் நாளில் தொலைக்காட்சியில் சொல்வார்கள். நானே எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த முறை அது மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஏனென்றால் அந்தப் பெண் புரிந்துதான் படித்திருக்கிறாள். புரிந்தது நிற்கவில்லை, அதுதான் அவள் பிரச்சினை. அவளிடம் போய் ‘புரிந்து படி’ என்று மறுபடி சொல்வதில் என்ன இருக்கிறது? மூன்று வாரமாக ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மனப்பாடத்தைத் தூக்கி எறிகிறோம் என்று சொல்லி, அதோடு ஒட்டிக்கொண்டிருந்த நல்ல பழக்கம் ஒன்றையும் சேர்த்து எறிந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. ஒப்பித்தல்.

பார்த்த முகம்

நான் தமிழ் வழியில் படித்தவள். அப்பாவுக்குத் தையல் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், நுழைவுத் தேர்விலும் தேறி 1999-இல் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என மூன்றே பாடங்கள். மூன்றுதானே என்று கேட்பவர்களுக்கு அந்தப் புத்தகங்களின் கனத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கையில் ஆரம்பித்தோம். தோளிலிருந்து விரல் நுனிவரை உள்ள எலும்பு, தசை, நரம்பு, ரத்தக் குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் டெஸ்ட். அதற்கு நான் உழைத்த உழைப்பைப் போல் வாழ்க்கையில் அதற்கு முன் உழைத்ததில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தேன். பென்சிலால் கோடு போட்டேன். இரண்டாம் முறை பேனாவால் போட்டேன். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தேன். ஐம்பதுக்குப் பதினேழு வந்தது.

அந்தப் பதினேழைவிட எனக்கு வலித்தது வேறொன்று. கேள்வித்தாளைப் பார்த்தபோது எல்லாமே தெரிந்த கேள்வியாக இருந்தது. ‘இது தெரியுமே’ என்று பேனாவை வைத்தால் இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை. அந்தப் பக்கத்தின் எந்த மூலையில் அந்தப் படம் இருக்கிறது, அதன் கீழே நான் போட்ட கோடு எப்படிக் கொஞ்சம் கோணியிருக்கிறது என்பதெல்லாம் நினைவுக்கு வருகிறது. படத்துக்குள் என்ன இருந்தது என்பது வரவில்லை.

இதைக் கல்யாண வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். எதிரே ஒருவர் வருகிறார். ‘இவரை நன்றாகத் தெரியுமே’ என்று மனது சொல்கிறது. சிரிக்கிறோம், நலம் விசாரிக்கிறோம். அவர் நகர்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் “யாரு அது?” என்று கேட்டால் விழிக்கிறோம். ஒரு பக்கத்தை நாலு தடவை வாசித்தால் அது பார்த்த முகமாகிவிடுகிறது. ஆனால் தேர்வு அறையில் அந்த முகம் எதிரே இருக்காது. ஆள் இல்லாதபோது பேர், ஊர், அப்பா பேர் என்று எல்லாம் சொல்ல வேண்டும். அந்த வேலையை நாம் ஒரு தடவைகூடப் பழகாமல் நேராகத் தேர்வு அறையில்தான் முதன்முதலாகச் செய்கிறோம்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கட்டுரைப் பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்தது; மீதி மூன்று சுற்றும் வெறும் தாளில் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவுக்குத்தான் வெற்றி: 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வேறொரு பாதியினரைச் சோதித்தார்கள். வாசித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61-இல் நின்றார்கள். இதில் என்னை உலுக்கியது இன்னொரு விவரம். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் வாசித்த குழுவினர்தான். என் முதல் டெஸ்ட்டுக்கு முந்தின இரவில் எனக்கு இருந்த தைரியம் அதுதான். அந்தத் தைரியத்தைக் கொடுப்பதும் மறுவாசிப்புதான், கைவிடுவதும் அதேதான்.

வெட்டு மேசையில் ஐந்து கோடு

பொங்கலுக்கு முந்தின வாரம் ஊருக்கு வந்தேன். தையல்காரர் வீட்டில் பொங்கல் வாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்பா சோறு தின்னக்கூட எழுந்திருக்க மாட்டார். அம்மா காஜா எடுத்து, பட்டன் கட்டி, ஹெம்மிங் பண்ணி, துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மார்க் விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சின்ன வயதில் எனக்குப் பாடம் கேட்டது அம்மாதான். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். மடியில் என் புத்தகம் விரிந்திருக்கும், கையில் காஜா ஊசி. நான் எதிரே நின்று ஒப்பிப்பேன். ஒரு வரியை விட்டால் ஊசி நிற்கும். “நடுவுல ஒண்ண விழுங்கிட்ட” என்பாள். வரியைச் சொல்லித் தரமாட்டாள். எனக்கே வருகிறவரை காத்திருப்பாள். அந்த நிசப்தம் எவ்வளவு நீளமாக இருக்கும் என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. வராமல் போனால்தான் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவாள், ஒரு நொடி. மறுபடி மூடிவிடுவாள்.

அன்றைக்கு மத்தியானம் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, “புத்தகத்த இங்க குடு. ஒப்பி பாப்போம்” என்றாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. “அம்மா, இது இங்கிலீஷ். அதுவும் ஒப்பிக்கிற பாடம் இல்ல இது, புரிஞ்சு படிக்கணும்” என்றேன். “புரிஞ்சத சொல்லு. இங்கிலீஷ் எனக்கு எதுக்கு? தமிழ்ல சொல்லு” என்று புத்தகத்தை வாங்கி, மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் எனக்கு அதிகம் உதைத்த பாடத்தையே எடுத்தேன். பிரேக்கியல் பிளெக்ஸஸ். கைக்குப் போகிற நரம்புகள் கழுத்திலிருந்து கிளம்பி, சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேருகிற பின்னல். அப்பாவின் வெட்டு மேசையில் ஓர் ஓரம் காலியாக இருந்தது. துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து ஐந்து கோடு போட்டேன். “கழுத்துல இருந்து அஞ்சு வேர் வருது. மேல ரெண்டும் சேர்ந்து ஒரு தண்டு. நடுவுல உள்ளது தனியா ஒரு தண்டு. கீழ ரெண்டும் சேர்ந்து ஒரு தண்டு. ஒவ்வொரு தண்டும் முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணுன்னு ரெண்டா பிரியுது. அப்புறம்...” அப்புறம் வரவில்லை. அம்மா காத்திருந்தாள். தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வியர்த்தது. ஆறு கிளை, மூன்று கயிறாக மாற வேண்டும். எது எதோடு சேரும்? ஐந்தாறு தடவை வாசித்த பக்கம். கோணல் கோடு ஞாபகம் இருக்கிறது.

“பின்னால போறது மூணும் என்ன ஆகுது?” என்று கேட்டாள் அம்மா. அவளுக்குப் பாடம் தெரியாது. மேசையில் இருந்த கோட்டைப் பார்த்துத்தான் கேட்டாள், நூல் பிரியைப் பார்ப்பது போல. கேட்டதும் எனக்குப் பளிச்சென்று வந்தது. பின்னால் போகிற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து பின்கயிறு. அவ்வளவுதான். முன்னால் போகிறதில் மேல் இரண்டும் சேர்ந்து வெளிக்கயிறு, கீழே உள்ளது தனியாக உள்கயிறு. புத்தகத்தில் ஒரு பக்கம் நீண்டு கிடந்த விஷயம் மேசை ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் முடிந்துவிட்டது. கையால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி துடைத்தேன்.

மூன்றாவது தடவை போட்டபோது அம்மா மேல் தண்டின் மேல் விரலை வைத்தாள். “இந்த இடத்துல அறுந்துச்சுன்னா என்ன ஆகும்?”

நூல் அறுந்தால் எந்தத் தையல் பிரியும் என்று யோசிக்கிறவளுக்கு இயல்பாக வந்த கேள்வி அது. எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை. சி5, சி6 என்று புத்தகம் சொல்லும் அந்த இரண்டு வேரும் சேருகிற இடம். யோசித்து யோசித்துச் சொன்னேன்: கையைத் தோளிலிருந்து தூக்க முடியாது, முழங்கையை மடக்க முடியாது, உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்ப முடியாது. கை உடம்போடு ஒட்டித் தொங்கும், உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி. சொல்லிக்கொண்டே என் கையை அப்படி வைத்துக் காட்டினேன். அம்மா என் கையையே பார்த்தாள். “கோடி வீட்டுப் பையன் கை மாதிரியா?” என்றாள்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பையன் இருந்தான். பிறந்ததிலிருந்தே அவனுக்கு வலது கை அப்படித்தான் இருக்கும். கை தொங்கும், உள்ளங்கை பின்னால் திரும்பியிருக்கும். தோள் மாட்டிக்கொண்டு கஷ்டமான பிரசவம் என்று சொல்வார்கள். பிரசவத்தில் தலைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து இழுபட்டு அந்த மேல் தண்டு காயப்படுவதற்கு எர்ப் வாதம் என்று பெயர். அந்தப் பெயர் என் புத்தகத்தில் இருந்தது, அதன் கீழே கோடும் போட்டிருந்தேன். பதினைந்து வருடமாகத் தினமும் பார்த்த பையன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்தது. அதன்பிறகு இன்றுவரை அந்தப் படத்தை நான் மறந்ததில்லை. பிரசவ அறையில் வேலை பார்த்த நாட்களில் ஒவ்வொரு கஷ்டமான பிரசவத்திலும் குழந்தையின் இரண்டு கையும் ஒன்றுபோல அசைகிறதா என்று முதலில் பார்க்கிற பழக்கம் எனக்கு அந்த மேசையிலிருந்து வந்தது.

நடுவிலிருந்து கேட்டால்

விடுதிக்குத் திரும்பியதும் அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்த சாக்பீஸும், உடைந்த சிலேட்டு ஒன்றும் என்னிடம் இருந்தன. சிலேட்டு போதாமல் அப்புறம் வெறும் தாளுக்கு மாறினேன். ஒரு தலைப்பை ஒரே ஒரு தடவை கவனமாக வாசிப்பது. மூடுவது. தாளில் நினைவிருப்பதை எல்லாம் படமாகவும் சொல்லாகவும் கொட்டுவது. முட்டி நிற்கிற இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காமல் அம்மா காத்திருந்த அளவு காத்திருப்பது. பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் எழுதுவது. அடுத்த நாள் காலையில் புதுப் பாடம் தொடங்குமுன் நேற்றைய சிவப்பை மட்டும் மறுபடி வெறும் தாளில் போட்டுப் பார்ப்பது. மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. ஆரம்பத்தில் மிக மெதுவாகப் போவது போல இருக்கும். பக்கத்து அறைப் பெண் அதே நேரத்தில் முப்பது பக்கம் முடித்திருப்பாள், நான் எட்டுப் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பயத்தைத் தாண்டுவதுதான் கஷ்டமே தவிர, முறை ஒன்றும் கஷ்டமில்லை.

இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனை ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இலேயே எழுதி வைத்துவிட்டார். பொருளில்லாத அசைகளைத் தாமே மனனம் செய்து, தம்மையே சோதித்துக்கொண்ட மனிதர். பன்னிரண்டு அசை கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பார்த்ததும், மூன்று நாட்களில் பிரித்து 38 தடவை சொல்லிப் பார்த்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்று கண்டார். பாதிக்குச் சற்று அதிகமான உழைப்பு, அதே பலன். 2013-இல் டன்லோஸ்கி என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் மாணவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே மிகுந்த பலன் தருபவை என்றார்கள். கோடு போடுவதும் மறுபடி மறுபடி வாசிப்பதும் குறைந்த பலன் தருகிற வரிசைக்குப் போயின. என் அக்கா மகள் வாங்கி வைத்திருக்கும் ஹைலைட்டர் பேனாக்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. உழைப்பு முழுவதும் தவறான வாய்க்காலில் ஓடுகிறது.

ஆனால் பள்ளிக்கூட ஒப்பித்தலை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தால் மருத்துவக் கல்லூரியில் அது உதவாது. இதையும் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பள்ளியில் ஒப்பிக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தினால் மறுபடி முதல் வரியிலிருந்துதான் தொடங்கும். விவா என்கிற வாய்மொழித் தேர்வில் யாரும் முதல் வரியைக் கேட்பதில்லை. ஒரு தோள்பட்டை எலும்பைக் கையில் கொடுத்து, “எந்தப் பக்கத்து எலும்பு? இந்த மேட்டில் என்ன ஒட்டுகிறது?” என்பார்கள். ஸ்பாட்டர் என்கிற செய்முறைத் தேர்வில் மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். அங்கே ஒரு நரம்பில் நூல் கட்டி வைத்திருப்பார்கள், அது எதுவென்று எழுத வேண்டும். எல்லாமே நடுவிலிருந்து வருகிற கேள்விகள். நோயாளியும் நடுவிலிருந்துதான் வருகிறார். “டாக்டர், காலையில எந்திரிச்சதுல இருந்து மணிக்கட்டத் தூக்க முடியல” என்பார். ரேடியல் நரம்பின் பாதையை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று எந்த நோயாளியும் கேட்டதில்லை.

அதனால் நானும் அறைத் தோழியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் விடுதி மைதானத்தை மூன்று சுற்று நடப்போம். புத்தகம் கிடையாது. ஒருத்தி நடுவிலிருந்து ஒரு கேள்வி போட வேண்டும், மற்றவள் அங்கிருந்து மேலேயும் கீழேயும் போக வேண்டும். மணிக்கட்டு தொங்குகிறது, காயம் எங்கே இருக்கலாம்? சுண்டுவிரல் மரத்துப்போகிறது, எந்த எலும்புக்குப் பின்னால் தட்டிப் பார்ப்பாய்? உடலியங்கியலில் இந்த விளையாட்டு இன்னும் நன்றாக இருக்கும். ஒருவருக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. சரி, அதை முதலில் உணர்வது யார்? கழுத்துத் தமனியிலும் மகா தமனி வளைவிலும் உள்ள உணரிகள். அப்புறம்? இதயம் வேகமாகத் துடிக்கிறது, தோலின் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால்தானே கை ஜில்லிட்டுப் போகிறது? சிறுநீரகம் என்ன செய்கிறது? ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அப்புறம்? இப்படி ‘அப்புறம், அப்புறம்’ என்று போய்க்கொண்டே இருக்கும். முட்டிய இடத்தில் நின்று விடுவோம், அறைக்கு ஓடி அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்போம். அப்படிப் பார்த்தது மறப்பதில்லை. பசித்தவன் தின்ற சோறு அது.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றும் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை மற்றவர்களிடம் பாடம் கேட்பான். எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் காப்பகத்துக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைச் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தில் அது மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது. எழும்பூரிலிருந்து கப்பலேறிப் போன விஷயத்தை நாம் நம் விடுதி மைதானத்தில் செய்யத் தயங்குகிறோம்.

காக்கை மூக்கு

அக்கா மகளின் வகுப்பில் அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 2020-இல் அந்த ஒதுக்கீடு வந்தபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அதில் தமிழ் வழியில் படித்த ஒரு பெண் “எனக்கு இங்கிலீஷ் வராது, அதான் நிக்க மாட்டேங்குது” என்று சொல்லிச் சொல்லியே தளர்ந்து போகிறாளாம். அவளுக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறேன். தங்கமே, உடற்கூறியல் புத்தகத்தில் உன்னை மிரட்டும் சொற்களில் பாதிக்கு மேல் இங்கிலீஷே இல்லை. லத்தீனும் கிரேக்கமும். கான்வென்டில் படித்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் அவை அந்நியம்தான். தோள்பட்டையில் கோரக்காய்டு என்று ஒரு கூர் நீட்சி இருக்கிறதே, அந்தச் சொல்லுக்குக் காக்கை அலகு போன்றது என்றுதான் அர்த்தம். நான் அதற்குக் காக்கை மூக்கு என்றே பெயர் வைத்திருந்தேன். மணிக்கட்டில் ஸ்காஃபாய்டு என்றால் படகு போன்றது. க்ளாவிக்கிள் என்றால் சின்னச் சாவி. ரேடியஸ் என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஒரு சொல்லை உடைத்துத் தமிழில் அர்த்தம் தெரிந்துகொண்டால் அது மிரட்டுவதை நிறுத்திவிடும். தேர்வில் ஆங்கிலத்தில் எழுது, அதற்குப் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் யோசிப்பதைத் தமிழில் யோசி. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்து வைத்தியர்களை உருவாக்கினார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நம் மொழிக்கு இந்தப் பாடத்தைத் தாங்குகிற தோள் எப்போதோ வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. டிஸெக்‌ஷன் ஹாலில் பாதிப் பேர் உடலின் பக்கத்தில் நின்றுகொண்டு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்மலின் வாடை கண்ணை எரிக்கும், கூட்டம் இருக்கும், எல்லாம் உண்மை. ஆனாலும் தன் உடலையே ஒருவர் நமக்குப் பாடமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புத்தகத்தை அறையில் வாசித்துவிட்டு வந்து, அங்கே கையால் தேட வேண்டும். ஹாலுக்குப் போக முடியாத நேரத்தில் உன் உடம்பு இருக்கிறது. முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் விரலை வைத்து மெதுவாக உருட்டிப் பார். சுண்டுவிரல்வரை ஜிவ்வென்று ஓடும். அதுதான் அல்நார் நரம்பு. ஒரு தடவை அதைத் தொட்டுவிட்டால் அப்புறம் அது எந்த எலும்புக்குப் பின்னால் போகிறது என்று யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டாம். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் முதல் வருடத்திலேயே பிள்ளைகளை நோயாளியைப் பார்க்க வைக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். எங்கள் காலத்தில் அது இல்லை. எனக்கு அந்த வேலையைக் கோடி வீட்டுப் பையன் செய்தான்.

போனில் கார்டு போட்டுப் படிக்கிற ஆங்கி போன்ற செயலிகளைப் பற்றி அக்கா மகள் கேட்டாள். நல்லதுதான், மறக்கப்போகிற நேரம் பார்த்து மறுபடி கேட்கிறது. ஆனால் யாரோ செய்த ஆயிரக்கணக்கான கார்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு தினமும் தள்ளிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உன் சிவப்பு மையில் எழுதியது மட்டும் கார்டாகட்டும். ஒரு நாளைக்கு இருபது போதும். அப்புறம் தூக்கம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இரண்டு மணிவரை விழித்துப் பதினேழு வாங்கியவள் சொல்கிறேன், பதினொன்றரைக்கு விளக்கை அணைத்துவிடு.

ஆச்சியின் விரல்கள்

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தபோது அவள் கேட்டாள், “யார்ட்ட சித்தி ஒப்பிக்க? எல்லாரும் அவங்கவங்க படிப்புல இருக்காங்க.” எனக்குச் சட்டென்று தோன்றியது. ஆச்சிக்குப் போன் போடு என்றேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கண் புரை எடுத்திருக்கிறாள். காஜா எடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. இரண்டு வாரமாகத் தினமும் ராத்திரி எட்டரைக்குப் பேத்தியிடமிருந்து போன் வருகிறது. போன சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள் அம்மா, முன்பு என் புத்தகத்தை வைத்துக்கொண்டது போல. அந்தப் பக்கம் பேத்தி வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள்: அஞ்சு வேர், மூணு தண்டு, ஆறு கிளை, மூணு கயிறு. “கடைசில கைக்குப் போறது மஸ்குலோக்யூட்டேனியஸ், மீடியன், அல்நார், ரேடியல். அவ்ளோதான் ஆச்சி.”

அம்மா கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். விரல் நின்றது.

“முந்தாநாள் அஞ்சுன்னு சொன்ன. இன்னைக்கு நாலுதான் வந்திருக்கு.”

போனில் சத்தமில்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினாள். விடுதி வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அம்மா காத்திருந்தாள்.

“ஆக்சிலரி, ஆச்சி. தோளுக்குப் போறது. அது பின்கயிறுல இருந்து வருது.”

“அது அறுந்தா?” என்றாள் அம்மா.